ராத்திரி எப்படிங்க போகுது? ஓபியாய்டு ஸ்டேஷனில் நான் விழுந்ததும் எழுந்ததும்

ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. இரண்டாவது முறையில் பாஸ். முதல் முறை குடும்ப மருத்துவ ஆஸ்கியில் (நோயாளியாக நடிப்பவர்களை வைத்துச் சுற்றுச் சுற்றாக நடக்கும் செய்முறைத் தேர்வு; ஒவ்வொரு சுற்றும் ஒரு ஸ்டேஷன்) என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு ஸ்டேஷன்: நாள்பட்ட இடுப்பு வலி, டிரமடால் என்ற ஓபியாய்டின் (அபின் வகை வலி மருந்து) டோஸை ஏற்றித் தரச் சொல்லும் நோயாளி. அதைப் பற்றி மட்டும்தான் எழுதப்போகிறேன். மற்ற ஸ்டேஷன்களைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

முதல் முறை நான் மருந்தைப் படித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு ஓபியாய்டின் டோஸையும் ஓர் எண்ணால் பெருக்கி, எத்தனை மில்லிகிராம் மார்ஃபினுக்கு ஈடு என்று பார்க்கும் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கோடீனுக்கு 0.15, ஆக்சிகோடோனுக்கு 1.5, மணிக்கு 25 மைக்ரோகிராம் ஃபென்டனில் பேட்ச் என்றால் 60 மில்லிகிராம். டிரமடாலுக்குப் பழைய குறிப்புகளில் 0.1 என்றிருக்கும், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2022இல் அதை 0.2 ஆக்கியது, அதுவும் தெரியும். எதிரில் இருந்தவர் நாளுக்கு 200 மில்லிகிராம் டிரமடால் எடுக்கிறார், அதாவது மார்ஃபின் கணக்கில் 40 மில்லிகிராம். கேட்பது 400. கொடுத்தால் 80, எச்சரிக்கை எல்லையான 50ஐத் தாண்டும். மனத்துக்குள் கணக்குப் போட்டு முடித்து, மிக மரியாதையாக மறுத்து, பக்கவிளைவுகளை ஒன்று விடாமல் விளக்கினேன். மணி அடித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பின்னூட்டத்தில் ஒரே வரி: நோயாளியைப் பற்றிய தகவல் போதவில்லை.

இரண்டு வாரம் அந்த வரியைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அப்புறம் அதே ஸ்டேஷனைத் தாண்டிய நண்பன் சொன்னான். அவன் சும்மா தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறான், நோயாளி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வேலை போய் எட்டு மாதம். வேறொரு மருத்துவர் எழுதிய தூக்க மாத்திரை. அது போதாமல் ராத்திரி கொஞ்சம் மது. பலத்த குறட்டை. “வலிக்கு இல்ல டாக்டர், தூங்கத்தான் அந்த மாத்திரையே.” நான் பத்து நிமிடம் வலியைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறேன்!

அதனால் என் ஒரே அறிவுரை இதுதான். டோஸைத் தொடுவதற்கு முன் “ராத்திரி எப்படிங்க போகுது?” என்று கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த ஒரு கேள்வியில் வந்து விழுபவை:

– குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல். ஓபியாய்டு இதை மோசமாக்கும்.
– பென்சோடயசெபின் என்ற தூக்க, பதற்ற மருந்து வகை. ஓபியாய்டோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். இந்தச் சேர்க்கைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016இல் கறுப்புக் கட்ட எச்சரிக்கை, அதாவது மருந்துக் குறிப்பில் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை, போட்டது. மதுவும் கபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்தும் மூச்சை அடக்குவதில் இதே கணக்கில்தான்.
– சொல்லாமல் எடுக்கும் கூடுதல் மாத்திரை.
– மனச்சோர்வு. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறேன் என்றால் காது கொடுங்கள்.
– வீட்டில் யார் இருக்கிறார்கள். ஓபியாய்டு அளவு மீறினால் கொடுக்கும் மாற்று மருந்தான நலாக்ஸோன் பற்றி யாரிடம் சொல்வது என்பது இதில்தான் தெரியும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வந்த ஒரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: நீண்டகால ஓபியாய்டு யாருக்கு அதிகம் போய்ச் சேருகிறது? யாருக்கு ஆபத்துக் குறைவோ அவருக்கு என்றுதான் சொல்லத் தோன்றும். உண்மை தலைகீழ். மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்க வரலாறு உள்ளவர்களுக்குத்தான் அதிக டோஸ், அதிக நாள். அவர்களுடைய துன்பம் கண்ணுக்குத் தெரிகிறது, மருத்துவரிடம் நேரம் இல்லை, சீட்டு எழுதுவது சுலபம். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமன் என்பது போன்ற ஏதாவது ஒரு பொய்யையாவது நம்பினார்கள் என்று 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. வலியைக் குறைத்து மதிப்பதும் நோயாளியைப் பார்த்துத்தான் நடக்கிறது.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

2018இல் வந்த ஸ்பேஸ் ஆய்வு: 240 பேர், 12 மாதம், முதுகுவலியும் மூட்டுத் தேய்மானமும். செயல்திறனில் ஓபியாய்டு மற்ற மருந்துகளை மிஞ்சவில்லை. ஆனால் ஏற்கெனவே நீண்ட நாளாக ஓபியாய்டு எடுப்பவர்களை அதில் சேர்க்கவில்லை. ‘தொடங்கலாமா’ என்ற கேள்விக்கு அதைச் சொல்லுங்கள், ‘நிறுத்தலாமா’ என்பதற்குச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன், மாட்டினேன்.

ஓபியாய்டு ரிஸ்க் டூல், அதாவது ஓபியாய்டைத் தவறாகப் பயன்படுத்தும் ஆபத்தை மதிப்பெண்ணாகக் காட்டும் கேள்வித்தாள்: 0–3 குறைவு, 4–7 நடுத்தரம், 8உம் அதற்கு மேலும் அதிகம். பேச்சைத் தொடங்க உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது.

சிறுநீரகம் பழுதென்றால் மார்ஃபினின் கழிவுகள் உடலில் தேங்கும். எஸ்எஸ்ஆர்ஐ என்ற மனச்சோர்வு மருந்து வகை எடுப்பவருக்கு டிரமடால் என்றால் வலிப்பையும் செரோடோனின் சிக்கலையும் நினையுங்கள். ஓபியாய்டு தரும் மலச்சிக்கல் நாளாக நாளாகப் பழகிப் போகாது.

ஓராண்டுக்கு மேல் எடுப்பவருக்குக் குறைப்பதென்றால் மாதத்துக்கு 10 சதவீதம், அல்லது இன்னும் மெதுவாக. சட்டென்று நிறுத்துவதன் ஆபத்தை எஃப்டிஏ 2019இல் எச்சரித்தது. ‘உடனே நிறுத்துகிறேன்’ என்றால் அந்த ஸ்டேஷன் போச்சு.

தயாரிப்பு என்றால், எனக்குக் குழுவாகப் படிப்பது ஒத்துவராது. தனியாக உட்கார்ந்து போனில் பதிவு செய்து கேட்டேன். பத்து நிமிடத்தில் ஏழு நிமிடம் நானே பேசியிருந்தேன். அதை நாலாகக் குறைக்க இரண்டு மாதம் ஆனது. இயல்பிலேயே அமைதியான ஆள் என்றால் இந்தப் பாடு உங்களுக்கு இல்லை.

சரி, இரண்டாவது முறை. மூட்டுத் தேய்மானம், கோடீன், ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா. இரண்டாவது நிமிடத்திலேயே என் கேள்வியைப் போட்டேன்.

“ராத்திரி நல்லாத் தூங்குறேன் டாக்டர்.”

எனக்கு வியர்த்துவிட்டது. தயாரித்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியை நம்பித்தான். வேறு வழியில்லாமல் சும்மா இருந்தேன். சில விநாடி கழித்து அவரே, “காலையில எங்க அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டணும், அதுக்கு முன்னாடி ரெண்டு போட்டுக்குவேன்” என்றார்.