முற்றுப்புள்ளிக்குப் பின்னால் எத்தனை தட்டு?

1994-இல் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். ஜன்னலோர கோத்ரெஜ் மெஷின் எனக்கு. 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' எல்லாம் தாண்டி வாக்கியத்துக்கு வந்த அன்று, மாஸ்டர் பின்னால் வந்து நின்றார். நான் புள்ளி வைத்து, ஸ்பேஸ் பாரை ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேலே போனேன். தாளை உருளையிலிருந்து உருவி, அந்த இடத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார்.

"கமாவுக்கு ஒண்ணு, ஃபுல்ஸ்டாப்புக்கு ரெண்டும்மா. இது கட்டைவிரலுக்கே தெரியணும்."

தெரிந்துகொண்டது. லோயர், ஹையர் என்ற இரண்டு டைப்பிங் பரீட்சையும் அந்த இரட்டைத் தட்டோடுதான் பாஸ் செய்தேன்.

மாஸ்டர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நாங்கள் அடித்த மெஷினில் அங்குலத்துக்குப் பத்து எழுத்து. ஒல்லியான ஆங்கில ஐ-க்கும் அகலமான எம்-முக்கும் ஒரே அளவு இடம்தான். அதனால் ஐ-யின் இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கிடக்கும். சொல்லுக்குள்ளேயே அவ்வளவு சந்து இருந்தால், வாக்கியம் முடிந்த இடம் ஒரு தட்டில் கண்ணில் படாது. டைப்ரைட்டருக்கு முன்பே அச்சுக்கோத்தவர்களும் ஆங்கிலத்தில் புள்ளிக்குப் பின்னால் அகலமான இடம் விட்டிருக்கிறார்கள்.

இப்போது தண்டையார்பேட்டையில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதனதன் அகலம். முதன்முதலாக ஒரு வாடகை ஒப்பந்தத்தை இரண்டு பக்கமும் ஓரம் சேர்த்துப் பிரிண்ட் எடுத்தபோது, புள்ளிக்குப் பின்னால் இருந்த இடமெல்லாம் இழுபட்டு, பக்கம் ஓட்டை விழுந்த வலை மாதிரி இருந்தது. அன்றே இரட்டைத் தட்டை விட்டுவிட முடிவு செய்தேன். முடிவு எனக்கு, பழக்கம் கட்டைவிரலுக்கு. பல மாதம் கண்ட்ரோல் எச் போட்டு, இரண்டு ஸ்பேஸை ஒன்றாக மாற்றிய பிறகுதான் பிரிண்ட் கொடுப்பேன். 2020-இல் மைக்ரோசாஃப்ட் வேர்டே இரண்டு ஸ்பேஸைப் பிழை என்று கோடு போட ஆரம்பித்தது.

தமிழுக்கு எத்தனை என்பதை நானாகத்தான் யோசித்தேன். ஆங்கிலத்தில் அடுத்த வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்கிக் காட்டிக்கொடுக்கும். நமக்கு அது கிடையாது. போதாததற்கு 'சு. முருகன்' என்று இனிஷியலுக்கும் அதே புள்ளி. அப்படியானால் தமிழுக்குத்தான் இரண்டு வேண்டுமோ என்று கொஞ்ச நாள் நினைத்தேன். வேண்டாம். நம் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் முடிகிறது. 'வசிக்கிறேன்', 'கேட்டுக்கொள்கிறேன்' என்று வந்ததுமே வாசிப்பவருக்கு முடிவு தெரிந்துவிடும். ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல்கூட இடம் விடவில்லை, வாசித்துத்தானே வந்தார்கள். ஒரு ஸ்பேஸ் தாராளம். (இனிஷியலும் பெயரும் வரி மாறிப் பிரியாமல் இருக்க, நடுவில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.)

ஆனால் அந்த ஒன்று கட்டாயம் வேண்டும், அதுவும் சரியான பக்கத்தில். போன வாரம் காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா, முதியோர் உதவித்தொகை மனுவோடு வந்தார். பேரன் செல்போனில் அடித்தது. 'தனியாக வசிக்கிறேன் .எனக்கு வருமானம் இல்லை .' புள்ளிக்கு முன்னால் இடம், பின்னால் ஒட்டு. பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் நான்காவது வரியின் தொடக்கத்தில் அந்தப் புள்ளி தனியாக நிற்கிறது, கறை மாதிரி. அதிகாரி கையில் போகிற காகிதம் அது. பதினோரு புள்ளியையும் இழுத்துச் சொல்லோடு ஒட்டி, பின்னால் இடம் விட்டு, அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு புள்ளிக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

கூட வந்திருந்த பேரன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எத்தனை ஸ்பேஸ்க்கா விடணும்?"

"ஒண்ணு. புள்ளிக்கு அப்புறம்."

அங்கேயே நின்று போனில் ஒரு வரி அடித்துக் காட்டினான். சரியாக இருந்தது.