2 முட்டை, 100 முட்டை

கோஸ்ட்டா ரிக்காவுக்கு நான் போனது ஆமை பார்க்க. ரீங்காரச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) என் திட்டத்திலேயே இல்லை. ஆமைக்கரைக்குப் போகும் தேதி தள்ளிப்போனதில் நடுவே இரண்டு நாள் மிஞ்சியது. சரி என்று மோன்ட்டேவெர்டே மலைக்காட்டுக்குப் போனேன்.

சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிகள் தொங்கிய ஒரு தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். காதோரம் குளவி போனது போல ஒரு சத்தம், தலையைக் குனிந்துகொண்டேன். பிறகுதான் பறவை கண்ணில் பட்டது. நம் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பற்றிக்கொண்டுதான் தேன் குடிக்கும். இதுவோ அந்தரத்தில் நின்று குடித்துவிட்டு, பின்பக்கமாகவே பறந்து விலகுகிறது. பறக்கும்போது இதன் இதயம் நிமிடத்துக்கு 1,000 தடவைக்கு மேல் துடிக்கக்கூடும். அந்தச் செலவு கட்டுப்படியாகாமல், குளிர் இரவுகளில் உடம்பைச் சில்லிடவிட்டு, துடிப்பையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டு, செத்தது போலக் கிடக்கும்.

என்னை அங்கேயே உட்காரவைத்தது வேறொன்று. ஊதா நிறத்தில், வயலட் சேபர்விங் என்ற வகை ரீங்காரச்சிட்டின் ஆண் ஒன்று, பாசி படிந்த குச்சியில் வந்து அமர்ந்தது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். 20 நிமிடத்தில் அது பறந்தது 2 நிமிடம்கூட இருக்காது. அதிலும் பாதி, அடுத்த சிட்டை விரட்டுவதற்கு. மற்ற நேரமெல்லாம் திண்ணைக் கிழவர் போலக் கழுத்தைத் திருப்பித் திருப்பி வேடிக்கை. ஒரு தடவை நாக்கை நீட்டியது: நூலிழை போல ஏதோ வெளியே வந்து மறைந்தது.

ஆமைக்கரை இருக்கும் டோர்ட்டுகேரோவுக்குச் சாலை கிடையாது. படகிலோ சிறு விமானத்திலோதான் போக வேண்டும். 1975 முதல் தேசியப் பூங்கா. ஜூலை முதல் அக்டோபர் வரை பேராமைகள் (பச்சைக் கடலாமைகள்) முட்டையிடக் கரையேறும். இரவில் வழிகாட்டி இல்லாமல் கரையில் கால் வைக்கக் கூடாது, கேமராவும் செல்போனும் கூடாது. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. மழையில் நெடுநேரம் நின்ற பிறகு கூப்பிட்டார்கள்.

முட்டையிடத் தொடங்கிய பிறகுதான் பக்கத்தில் விடுகிறார்கள். சிவப்பு வெளிச்சத்தில், பிங்பாங் பந்து போன்ற முட்டைகள் இரண்டும் மூன்றுமாக, வழவழவென்று குழிக்குள் விழுந்தன. ஒரு குழிக்கு 100-க்கு மேல் இருக்கும். கண்ணில் வழிந்தது அழுகை அல்ல, உடம்பின் உப்பை வெளியேற்றும் சுரப்பிநீர். வழிகாட்டி எவ்வளவு சொல்லியும், என் பக்கத்தில் நின்ற அம்மாள் அது அழுகிறது என்றே சாதித்தார்.

சிட்டு இடுவது 2 முட்டை. சிலந்தி நூல் வைத்துக் கட்டிய கூட்டில், தாய் தனியாளாக ஊட்டி வளர்க்கும். ஆமைத்தாயோ குழியை மூடியதும் கிளம்பிவிடும். குஞ்சின் முகத்தையே பார்ப்பதில்லை. அப்பன்மார் இரண்டு வீட்டிலும் எட்டிப்பார்ப்பதில்லை.

குழி மூடும்போது ஆமை வாரியிறைத்த ஈர மணல் என் முழங்கால்வரை அடித்தது. பிறகு கடலை நோக்கி நாலு இழுப்பு, ஒரு பெருமூச்சு. மறுபடி நாலு இழுப்பு. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் முன்பொரு முறை நீருக்கடியில் ஓர் ஆமையைப் பார்த்திருக்கிறேன்: முன்துடுப்புகளைச் சிறகு போல மேலும் கீழும் அடித்து, கழுகு மிதப்பது போல என்னைக் கடந்து போனது. பறவை என்ற சொல்லை அன்றைக்கு அதற்குத்தான் கொடுத்திருப்பேன். கரையில் முதல் அலை அதன் முதுகைத் தொட்டது. அடுத்த அலையில் ஆளைக் காணோம்.

மறுநாள் காலையில் மணல் அப்பிய கால்சட்டையை அலசி உலர்த்தப் போனேன். கொடியில் ஒரு ரீங்காரச்சிட்டு உட்கார்ந்திருந்தது. நான் கிட்டே போயும் நகரவில்லை. கால்சட்டையை வேலியில் போட்டுவிட்டு வந்தேன்.