லினக்ஸ் பூட் ஆகிவிட்டதே, அப்புறம் என்ன?

எங்கள் குழுவில் சின்னதாக ஒரு விர்ச்சுவல் மெஷின் மானிட்டர் எழுதிக்கொண்டிருக்கிறோம்; ஒரு கணினிக்குள் (ஹோஸ்ட்) மென்பொருளாலான இன்னொரு கணினியை (கெஸ்ட்) ஓட்டும் நிரல் அது. அதற்குச் சீரியல் கன்சோல் (கெஸ்டோடு எழுத்து எழுத்தாகப் பேசும் வழி) சேர்க்கும் பேட்ச், அதாவது கோட் மாற்றம், ரிவ்யூவுக்கு என்னிடம் வந்தது. அறுநூறு வரி இருக்கும். கூடவே ஒரு குறிப்பு: "லினக்ஸ் பூட் ஆகுது, லாகின் வருது, டைப் பண்ணினா வேலை செய்யுது." எழுதியவர் என்னைவிட நன்றாகக் கோட் எழுதுபவர். ஒரு மணி நேரத்தில் பார்த்து அப்ரூவ் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதல் நாள் மேலிருந்து கீழே படித்தேன். எல்லாம் சரியாகவே பட்டது. அதுதான் சிக்கல். நல்ல கோட் நம்மையும் தன் போக்கில் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது; அதில் என்ன இருக்கிறது என்பது தெரிகிறது, என்ன இல்லை என்பது தெரிவதில்லை.

மறுநாள் கோடை மூடிவிட்டு, இந்தப் பேட்ச் மென்பொருளில் போலச் செய்யும் (எமுலேஷன்) 16550ஏ என்ற சீரியல் சில்லின் டேட்டாஷீட்டைத் திறந்தேன். அதன் ரிஜிஸ்டர்களுக்கு (சில்லுக்குள் இருக்கும் சிறு நினைவிடங்கள்) எட்டு முகவரிதான், ஆனால் சிலவற்றுக்கு இரண்டு மூன்று வேஷம். முதல் முகவரியில் எழுதினால் வெளியே போகும் பைட், படித்தால் உள்ளே வந்த பைட், எல்சிஆர் (லைன் கன்ட்ரோல்) ரிஜிஸ்டரின் 7ஆம் பிட்டை ஏற்றிவிட்டால் (1 ஆக்கினால்) அதே இடம் பாட் ரேட் (அனுப்பும் வேகம்) கணக்கிடும் வகு எண்ணின் கீழ்ப் பாதி. வகு எண் 1 என்றால் 115200, 12 என்றால் 9600. எமுலேஷனில் இந்த வேகத்துக்குப் பொருளே கிடையாது. இருந்தாலும் கெஸ்ட் எழுதியதை அது கேட்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். பேட்சில் இதெல்லாம் ஒழுங்காக இருந்தது.

ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு ரிஜிஸ்டரையும் படித்தால் என்ன மாறும், எழுதினால் என்ன மாறும் என்று குறித்தேன். இந்தச் சில்லில் சும்மா படிப்பதற்கும் விளைவு உண்டு. லைன் ஸ்டேட்டஸைப் படித்தால் பிழை பிட்டுகள் அழியும். "அனுப்பும் இடம் காலி" என்ற இன்டரப்ட் (சிபியூவைக் கூப்பிடும் சைகை) நிலுவையில் இருப்பதாக ஐஐஆர் என்ற ரிஜிஸ்டர் காட்டும்போது அதைப் படித்தால், அந்த இன்டரப்ட் அடங்கிவிடும். அப்புறம்தான் கட்டத்தையும் கோடையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன்.

அனுப்பும் இடம் ஏற்கெனவே காலியாக இருக்கும்போது, கெஸ்ட் ஐஇஆரில் (இன்டரப்டுகளை அனுமதிக்கும் ரிஜிஸ்டர்) 1ஆம் பிட்டை ஏற்றினால், அந்தக் கணமே இன்டரப்ட் எழ வேண்டும். பேட்சிலோ ஒரு பைட் எழுதி முடித்தபிறகு மட்டுமே எழுந்தது. அப்படியானால் முதல் பைட்டை யார் எழுதுவது?

ஆனால் லினக்ஸ் ஓடியதே! இதற்கு விடை தேடியதில்தான் பாதி நாள் போனது. கெர்னலின் பூட் செய்திகள் இன்டரப்டை நம்புவதே இல்லை. ஸ்டேட்டஸ் பிட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்து எழுத்து எழுத்தாகத் தள்ளுகின்றன. லாகின் வரும்போதாவது மாட்டியிருக்க வேண்டும். அங்கே இந்தச் சில்லுக் குடும்பத்துக்கான லினக்ஸின் 8250 டிரைவர் போர்ட்டைத் திறக்கும்போதே, இந்தப் பிட்டை ஏற்றினால் இன்டரப்ட் வருகிறதா என்று ஒரு சோதனை செய்கிறது. வரவில்லை என்றால் இது ஓட்டைச் சில்லு என்று குறித்துக்கொண்டு மாற்று வழியில் போய்விடுகிறது. பல வருடமாக எத்தனையோ கோளாறான சில்லுகளோடு குடித்தனம் நடத்திய டிரைவர் அது. நம் தவறையும் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டது.

ரிவ்யூவில் வாதாடுவதைவிடக் காட்டிவிடுவது மேல் என்று அசெம்பிளியில் குட்டி கெஸ்ட் ஒன்று எழுதினேன். பிட்டை ஏற்று, சிபியூவை நிறுத்திவை, இன்டரப்ட் வந்ததும் ஓர் எழுத்தை அனுப்பு. அவ்வளவுதான். தூங்கியது எழவே இல்லை. அதைக் கமென்டோடு இணைத்தேன். பத்து நிமிடத்தில் "சரிதான், என் தப்பு" என்று பதில் வந்தது.

அந்தத் தெம்பில் ஒரு படி அதிகமாகப் போய்விட்டேன். லூப்பேக் (சில்லு அனுப்புவதைத் தனக்கே திருப்பிவிடும் சோதனை முறை) பகுதியை யாரும் பயன்படுத்தப் போவதில்லை, எடுத்துவிடலாம் என்று எழுதினேன். "எடுத்துடாதீங்க, டிரைவரைப் பாருங்க" என்றார் பேட்ச் எழுதியவர். பார்த்தேன். லூப்பேக்கை ஏற்றி ஆர்டிஎஸ், அவுட்2 என்ற இரண்டு வெளியீட்டுச் சைகைகளையும் போட்டு, மறுபக்கம் சிடிஎஸ், டிசிடி என்ற உள்ளீட்டுச் சைகைகள் தெரிகிறதா என்று பார்க்கும் சோதனை அங்கே இருக்கிறது. தெரியாவிட்டால் அப்படி ஒரு போர்ட்டே இல்லை என்று முடிவு கட்டிவிடும். பிசியின் முதல் மூன்று காம் போர்ட்டுகளுக்கு அந்தச் சோதனை தவிர்க்கப்படுவதால் நான் கவனித்ததே இல்லை. கமென்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சில்லை விட்டு ஹோஸ்ட் பக்கம் வந்தேன். 2015இல் க்யூஎமு என்ற எமுலேட்டரின் ஃபிளாப்பி எமுலேஷனில் வெளிவந்த வெனம் ஓட்டை (சிவிஇ-2015-3456) எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும். யாரும் சீண்டாத பழைய சாதனம், அதன் பஃபரைத் தாண்டிக் கெஸ்ட் எழுத முடிந்தது. அதனால் கெஸ்ட் தொடும் ஒவ்வொரு இண்டெக்ஸையும் விரல் வைத்துப் பார்த்தேன். அதில் குறை இல்லை. ஆனால் ஹோஸ்டில் நீளமாகப் பேஸ்ட் செய்தால், 16 பைட் ஃபைஃபோ (உள்ளே வந்த பைட்டுகள் வரிசையில் காத்திருக்கும் இடம்) நிரம்பியபின் மிச்சம் சத்தமில்லாமல் காணாமல் போனது. இடம் இல்லாதபோது ஹோஸ்டிலிருந்து படிக்காமல் இருந்தாலே போதும். ஐந்து வரியில் சரியானது.

வெளியே போகும் திசைதான் பெரிய தலைவலி. விசிபியூ திரெட்டே (கெஸ்டின் சிபியூவாக ஓடும் பகுதி) நேரடியாக ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் எழுதியது. அதை ஒரு பைப்பில் இணைத்து, மறுமுனையில் யாரும் படிக்காமல் விட்டேன். பைப் நிரம்பியதும் கெஸ்ட் அப்படியே உறைந்தது. லாகைப் படிக்க ஆள் இல்லை என்பதற்காக மொத்த மெஷினும் நிற்பதா? நிரம்பினால் "காலி" பிட்டை இறக்கிவைத்துக் கெஸ்டைக் காக்க வைக்கலாம் என்றார் பேட்ச் எழுதியவர். கேட்க நேர்மையான வழிதான். ஆனால் லினக்ஸ் ஒவ்வொரு எழுத்துக்கும் 10 மில்லிவினாடி வரை சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும், பூட் ஊர்ந்துகொண்டிருக்கும். அளவுள்ள ஒரு பஃபர், அதுவும் நிரம்பினால் எழுத்தைக் கைவிட்டு எண்ணிக்கையை மட்டும் பதிவது என்று முடிவானது. எழுத்தை இழப்பது எனக்கும் பிடிக்கவில்லை. மெஷின் நிற்பது அதைவிடப் பிடிக்கவில்லை.

பேட்சின் இரண்டாம் பதிப்பில் என் குட்டி கெஸ்ட் விழித்து, ஒரு எழுத்தை அனுப்பியது. அடுத்து, இன்டரப்ட் எழுந்து கெஸ்ட் விழிக்கும் முன்பே ஸ்னாப்ஷாட் (மெஷினின் அப்போதைய நிலையின் சேமிப்பு) எடுத்து மீட்டுப் பார்த்தேன்: மறுபடி தூக்கம். நிலுவையில் இருக்கும் இன்டரப்டின் நிலையை யாரும் சேமிக்கவில்லை, என் கட்டத்திலும் அதற்கு இடம் இல்லை. மூன்றாம் பதிப்பில் அந்த ஒரு பிட் சேர்ந்தது. அப்ரூவ் அழுத்தினேன்.