தண்ணீர் வந்தது, சரி. எந்த வழியாக வந்தது?

முதுகுப்புறத் துளை வழியாகச் சிறுநீரகக் கல்லை எடுக்கும் பிசிஎன்எல் அறுவையில், கல்லை உடைக்கும் கட்டத்தைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுவார்கள். என்னைக் கேட்டால், அன்றைய அறுவையின் போக்கு அதற்கு வெகு முன்பே, ஊசி குத்தும் அந்தச் சில நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது.

பயிற்சியில் இருக்கும் மருத்துவர் ஊசியின் உள்கம்பியை உருவியதும், சிறுநீரகத்துக்குள் செலுத்திவைத்த சலைன் (உப்புநீர்) சொட்டும். "சார், தண்ணி வந்துடுச்சு!" என்பார். அந்த மகிழ்ச்சி நியாயமானதுதான். ஆனாலும் நான் கேட்பது ஒன்றே: "எந்த வழியா வந்துச்சு?" ஊசி நேராக பெல்விஸில், அதாவது சிறுநீரகத்தின் நடுவே சிறுநீர் சேரும் பையில், குத்தியிருந்தாலும் தண்ணீர் வரும். அந்தப் பையில் திறக்கும் சிறு கிண்ணமான கேலிக்ஸின் கழுத்தில் குத்தியிருந்தாலும் வரும். உள்ளே போய்விட்டோம் என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

1976-ல் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும் துளைவழிக் கல் நீக்கத்தை மருத்துவ உலகுக்கு அறிவித்தார்கள். அதன்பின் கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட இடம் பின்பக்க கேலிக்ஸின் நுனிதான். கேலிக்ஸுக்குள் சிறுநீர் சொட்டும் திசு முனையான பாப்பில்லாவின் நடுவே ஊசி நுழைய வேண்டும். கேலிக்ஸின் கழுத்தை ஒட்டிப் பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. நுனிப் பக்கம் இருப்பவை சிறியவை. 18 கேஜ் ஊசியின் தடிமன் சுமார் 1.3 மில்லிமீட்டர்தான். அதே பாதையைத்தான் பிறகு 24 அல்லது 30 ஃப்ரெஞ்ச், அதாவது 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை விரிக்கிறோம். ஊசி தவறான இடத்தில் போயிருந்தால் அந்தத் தவறும் கூடவே விரியும்.

அல்ட்ராசவுண்டில் இதைச் செய்யும்போது மிகவும் ஏமாற்றுவது ஊசியின் நுனி. உடல்மேல் வைக்கும் ப்ரோப்பிலிருந்து வரும் அலை மெல்லிய ஒரு தளம்போல இறங்குகிறது. ஊசி அந்தத் தளத்திலேயே படுத்துச் சென்றால் முழு நீளமும் வெள்ளைக் கோடாகத் தெரியும். கொஞ்சம் சாய்ந்து குறுக்கே போனால், தளத்தை விட்டு அது வெளியேறும் புள்ளி திரையில் நுனி மாதிரியே இருக்கும். உண்மையான நுனியோ அதைத் தாண்டி ஆழத்தில் இருக்கும். அதை நம்பி இன்னும் ஒரு தள்ளு தள்ளுவதுதான் ஆபத்து. நுனி தெரியவில்லை என்றால் ஊசிக் கை உடனே நின்றுவிட வேண்டும். ப்ரோப்பை மட்டும் மெல்ல அசைத்துத் தேட வேண்டும். பதற்றத்தில் இரண்டு கையும் சேர்ந்து அலையும். இந்த ஒரு பழக்கத்தை மாற்றத்தான் நான் அதிகம் பாடுபட்டிருக்கிறேன். ஊசியை லேசாக ஆட்டினால் சுற்றியுள்ள திசு அசையும். அந்த அசைவு நுனியின் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும்.

மூச்சு இன்னொரு விஷயம். ஒவ்வொரு மூச்சுக்கும் சிறுநீரகம் மேலும் கீழும் நகரும். மயக்க மருத்துவரிடம் சொல்லி ஒரு சில நொடிகள் சுவாசத்தை நிறுத்தி வாங்கினால் இலக்கு அசையாமல் நிற்கும். கேட்கத் தயங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் தயக்கமே கூடாது.

சிறுநீர் தேங்கி வீங்காத சிறுநீரகம்தான் உண்மையான சோதனை. சிறுநீர்க்குழாய்க்குள் கீழிருந்து ஏற்றிய மெல்லிய குழாயான யூரிட்டரிக் கதீட்டர் வழியாகச் சலைன் செலுத்தி கேலிக்ஸை விரியவைப்போம். சிரிஞ்சில் காற்று இருக்கவே கூடாது. குமிழ்கள் உள்ளே போனால் திரையெங்கும் வெள்ளைப் பொட்டுகளாகி, அதுவரை தெளிவாகத் தெரிந்த கேலிக்ஸும் மறைந்துபோகும்.

திசை தவறினால், சிறுநீரகத்துக்குள் ஊசியை வைத்தபடியே திருப்பக் கூடாது. முழுக்க வெளியே இழுத்து, புதிதாக வர வேண்டும். நேரம் போகிறதே என்று உள்ளுக்குள்ளேயே நெம்பினால் திசு கிழியும், ரத்தம் வரும், அப்புறம் எண்டோஸ்கோப்பில் எல்லாமே சிவப்பாகத்தான் தெரியும்.

கதிர்வீச்சு இல்லை என்பதற்காகவே பலர் அல்ட்ராசவுண்டை விரும்புகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய காரணம், போகும் வழியில் குடலோ மண்ணீரலோ குறுக்கே இருக்கிறதா என்று குத்துமுன்பே பார்த்துவிடலாம் என்பது.

நுனி சரியான இடத்தில் நிற்கும்போதே தோலிலிருந்து அதன் ஆழத்தை அளந்து குறித்துக்கொள்ளச் சொல்வேன். பாதையை விரிக்கும் டைலேட்டர் அந்த அளவைத் தாண்டக் கூடாது. சற்று முன்னதாக நின்றுவிட்டால் மறுபடி விரித்துக்கொள்ளலாம். தாண்டிப் போனால் பெல்விஸின் எதிர்ச்சுவர் கிழியும்.