சிபேப் மாஸ்க் சத்தம்: ஒரு நாட்குறிப்பு

பிப்ரவரி 2

சிபேப் என்பது தூங்கும்போது மாஸ்க் வழியாக இடைவிடாமல் காற்றை அழுத்தி ஊதி, மூச்சுப்பாதை அடைக்காமல் திறந்து வைக்கும் இயந்திரம். "மாஸ்க் சத்தம் போடுகிறது, தூங்க முடியவில்லை" என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த மாதிரிச் சத்தம் என்பதுதான். உஸ்ஸென்று சீராக வருகிறதா? கீச்சென்று விசில் அடிக்கிறதா? உதடு துடிப்பதுபோல டர்ரென்று அதிர்கிறதா? குழாய்க்குள் குபுகுபுவென்கிறதா? புரண்டு படுக்கும்போது மட்டும் கிறீச்சிடுகிறதா? ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து வருவது. இடம் தெரியாமல் எல்லோரும் முதலில் செய்வது பட்டையை இழுத்து இறுக்குவது. அதனால் சத்தம் கூடத்தான் செய்யும்.

தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்களுக்கு சிபேப் நல்ல மருத்துவம். ஆனால் சத்தம் தாங்காமல் நடு இரவில் கழற்றி வைத்தால் மீதி இரவு முழுக்க மூச்சு பழையபடி அடைக்கும். அதனால் இதைச் சின்னத் தொந்தரவு என்று ஒதுக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு சத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 3

முதலில், நிற்கவே கூடாத சத்தம்.

மாஸ்க்கின் முன்புறத்திலோ குழாய் சேரும் வளைவிலோ பொடித்துளைகள் இருக்கும். சிபேப்புக்குக் குழாய் ஒன்றே ஒன்று. நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயு இந்தத் துளைகள் வழியாக வெளியேறினால்தான் அடுத்த மூச்சுக்குச் சுத்தமான காற்று கிடைக்கும். அழுத்தம் ஏற ஏறத் துளைகளில் பாயும் காற்றும் கூடும். 10 செ.மீ. நீரழுத்தத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் அளவில் காற்று வெளியேறுவது சாதாரணம். சரியான எண் மாஸ்க்குக்கு மாஸ்க் மாறும். கையேட்டில் அழுத்தவாரியாக அட்டவணை இருக்கும்.

அந்தச் சீரான உஸ் ஓசைதான் துளைகள் திறந்திருப்பதற்கு அடையாளம். டேப் ஒட்டுவது, பஞ்சு வைப்பது, போர்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொள்வது எதுவும் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

துளைச்சத்தம் திடீரென்று மாறினால் மட்டும் கவனிக்க வேண்டும். கழுவிய மாஸ்க்கை ஈரத்தோடு மாட்டினால், துளைகளிலும் வலைப்பின்னலிலும் நீர் தங்கி விசில் வரும். நன்றாக உதறி, நிழலில் முழுதாக உலர விட்டால் போய்விடும். நாள்பட்ட அழுக்கு சில துளைகளை அடைத்தாலும் ஓசை கூர்மையாகும். மென்மையான பல்துலக்கியும் சோப்பு நீரும் போதும். ஊசி, குண்டூசி கொண்டு குத்தினால் துளையின் விளிம்பு சிதைந்து, நிரந்தரமாக விசில் அடிக்கும்.

பிப்ரவரி 5

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வழி. பகலில், விழித்திருக்கும்போது செய்ய வேண்டியது.

மாஸ்க்கைக் குழாயிலிருந்து பிரித்துவிட்டு இயந்திரத்தை ஓட விடுங்கள். குழாயின் முனையை உள்ளங்கையால் சில விநாடி மூடுங்கள். அப்போதும் உஸ் கேட்டால் கசிவு மாஸ்க்கில் இல்லை. குழாயில் கீறலோ, காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியின் ரப்பர் விளிம்பு சரியாக உட்காராததோ காரணம். குழாயைக் காதருகே வைத்து முழ முழமாக நகர்த்தினால் கீறல் இருக்கும் இடம் தெரிந்துவிடும். பெரும்பாலும் முனையிலுள்ள கெட்டி வளையத்தை ஒட்டித்தான் கிழியும், ஏனென்றால் கழற்றும்போது பலர் வளையத்தைப் பிடிக்காமல் குழாயைப் பிடித்து இழுக்கிறார்கள்.

மூடியதும் அமைதியானால் பிரச்சினை மாஸ்க் பக்கம். அதை முகத்தில் மாட்டி, நனைத்த விரலை, முகத்தைத் தொடும் சிலிக்கோன் குஷனின் ஓரம் முழுவதும் மெதுவாக ஓட்டுங்கள். குளிர்ச்சி தட்டும் இடம்தான் கசியும் இடம். மூக்குத்தண்டின் இரு பக்கமும், மூக்கையும் வாயையும் மூடும் முழுமுக மாஸ்க்கானால் வாயோரமும் தாடையும் வழக்கமான இடங்கள்.

பிப்ரவரி 6

இன்று நீளமாக எழுத வேண்டிய நாள். பொருத்தும் முறை.

1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் ஐந்து நோயாளிகளுக்கு சிபேப் கொடுத்ததை லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அன்று மூக்கில் குழாய் பொருத்தி, இறுகும் சிலிக்கோனால் காற்றுப் புகாமல் அடைத்தார்கள். இன்றைய மாஸ்க்கில் அந்த வேலையைச் செய்வது குஷனின் மெல்லிய உள்விளிம்பு. பல குஷன்கள் இரட்டைச் சுவர் கொண்டவை. வெளிச்சுவர் தாங்கும், உட்சுவர் காற்றால் உப்பி முகத்தோடு ஒட்டும். இறுக்கினால் உட்சுவர் வெளிச்சுவரோடு நசுங்கி உப்ப முடியாமல் போகிறது. மடிப்பு விழுந்த இடத்தில் காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது. டர்ரென்ற அதிர்வு அதுதான்.

ஆகவே, உட்கார்ந்துகொண்டு பொருத்தாதீர்கள். தூங்கும் நிலையில் படுங்கள், ஏனென்றால் படுத்தால் கன்னமும் தாடையும் சரிந்து முகத்தின் வடிவமே மாறும். பட்டைகளை எல்லாம் தளர்த்துங்கள். இயந்திரத்தை ஓட விடுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ராம்ப் (அழுத்தத்தைக் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏற்றும் வசதி) வைத்திருந்தால் தொடக்கத்தில் 4 செ.மீ. அழுத்தம்தான் இருக்கும். அதற்குப் பொருத்திய மாஸ்க், அழுத்தம் 11-க்கு ஏறும்போது தூக்கத்தில் கத்தும். இயந்திரத்தில் மாஸ்க் பொருத்தச் சோதனை வசதி இருந்தால் அதை அழுத்துங்கள். கொஞ்ச நேரம் கூடுதல் அழுத்தத்தில் ஊதும். இல்லையென்றால் ராம்ப்பை நிறுத்திவிட்டுப் பொருத்துங்கள்.

காற்று வரும்போதே மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல்கடை முன்னே இழுத்து, உட்சுவர் உப்பியதும் மெதுவாக உட்கார விடுங்கள். பாதி கசிவுகள் இதிலேயே நின்றுவிடும். பிறகு மேல்பட்டைகள் இரண்டையும் ஒன்றாக, சமமாக இழுங்கள், அதன்பின் கீழ்ப்பட்டைகள். ஒவ்வொரு முறையும் வெல்க்ரோவை அரை சென்டிமீட்டர் நகர்த்தினால் போதும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் மாஸ்க் கோணலாகி எதிர்ப்பக்கம் திறக்கும். கண்ணை நோக்கிக் காற்று அடித்தால் மேல்பட்டையையே குறை சொல்லாதீர்கள்; மாஸ்க் மூக்கில் மிக மேலே ஏறி உட்கார்ந்திருக்கலாம், அல்லது அளவு பெரிதாக இருக்கலாம்.

காலையில் முகத்தில் ஆழமான தடம் இருந்தால் இறுக்கம் அதிகம். அவ்வளவு இறுக்கினால்தான் கசிவு நிற்கிறது என்றால், அளவையோ வகையையோ மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 7

எண்ணெய். சருமத்தின் எண்ணெயும் இரவு பூசும் க்ரீமும் சிலிக்கோனை வழுக்கச் செய்யும், நாளடைவில் தொளதொளப்பாக்கும். படுக்கும் முன் முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள். குஷனைத் தினமும் மிதமான சோப்பு, வெதுவெதுப்பான நீர் கொண்டு கழுவுங்கள். ஆல்கஹால், பிளீச் வேண்டாம். முள்ளாக முளைத்த தாடியும் விளிம்பைத் தூக்கும். தாடி உள்ளவர்களுக்கு மூக்குத்துளையில் பொருந்தும் பில்லோ வகை எளிது.

பிப்ரவரி 10

மாலையில் அமைதி, அதிகாலையில் சத்தம். இந்தப் புகார் அடிக்கடி வரும். காரணங்கள் மூன்று. கனவுத் தூக்கத்தில் தசைகள் தளர்ந்து தாடை தொங்கும். மல்லாந்து படுத்தால் மூச்சுப்பாதை அதிகம் அடைக்கும் என்பதால் தானியங்கி இயந்திரம் அழுத்தத்தை ஏற்றும். பக்கவாட்டில் படுத்தால் தலையணை மாஸ்க்கை ஒதுக்கும். மூன்றாவதுக்கு, மாஸ்க் தலையணையின் ஓரத்துக்கு வெளியே இருக்கும்படி தலையை வைத்துப் பாருங்கள். குழாயைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மாட்டினால் புரளும்போது இழுக்காது.

இயந்திரம் காட்டும் கசிவு அளவைப் படிக்கும்போது ஒன்று கவனியுங்கள். ரெஸ்மெட் நிறுவனத்தின் இயந்திரங்கள் துளைக்காற்றைக் கழித்துவிட்டு மீதியைக் காட்டும். நிமிடத்துக்கு 24 லிட்டருக்குள் இருந்தால் பரவாயில்லை என்பது அவர்கள் அளவுகோல். அந்தக் கழிப்பு சரியாக இருக்க, அமைப்பில் மாஸ்க் வகையைச் சரியாகத் தேர்ந்திருக்க வேண்டும். பிலிப்ஸ் இயந்திரங்கள் பதியும் மொத்தக் கசிவில் துளைக்காற்றும் அடக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

பிப்ரவரி 13

வாய்க்கசிவு. மூக்கு மாஸ்க் அணிந்தவரின் உதடு புஸ் புஸ்ஸென்று ஊதும்; காலையில் வாய் வறண்டிருக்கும். மூக்கடைப்புதான் பலருக்கு மூலகாரணம், அதனால் முதலில் அதைக் கவனியுங்கள்; ஈரப்பதத்தை ஒரு படி கூட்டுவதும் உதவும். தாடைப்பட்டை சிலருக்கு உதவும். ஆனால் அது தாடையைத்தான் பிடிக்கும், உதட்டை மூடாது. மாறாமல் தொடர்ந்தால் முழுமுக மாஸ்க். வாயை டேப்பால் ஒட்டும் யோசனை பரவலாகச் சொல்லப்படுகிறது. மூக்கடைப்போ வாந்தியோ வந்தால் ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

பிப்ரவரி 16

குபுகுபு. வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் போகும்போது நீராகித் தாழ்ந்த வளைவில் தேங்கும். மூச்சுக்கு மூச்சு அந்த நீர் அலைபாயும். சில நேரம் மூக்கிலேயே தெறிக்கும். ஈரப்பதத்தை மட்டும் குறைத்தால் சத்தம் நிற்கும், தொண்டை வறளும். அதைவிடக் குழாயைச் சூடாக வைப்பது நல்லது. சூடேற்றும் குழாய் இருந்தால் வெப்பத்தை ஒன்றிரண்டு டிகிரி ஏற்றுங்கள். சாதாரணக் குழாய்க்குத் துணியுறை போடுங்கள், அல்லது போர்வைக்கு அடியில் விடுங்கள். இயந்திரம் படுக்கை மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். அப்போது நீர் முகத்துக்கு வராமல் தொட்டிக்குத் திரும்பும்.

பிப்ரவரி 18

புரளும்போது கிறீச்சிடுவது சுழலும் வளைவு. கழற்றி, கழுவி, உலர்த்தி மாட்டினால் பெரும்பாலும் சரியாகும். எண்ணெய், வாசலின் தடவாதீர்கள். தேய்ந்திருந்தால் அந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்.

முழுமுக மாஸ்க்கின் வளைவில் ஒரு சின்ன மடல் உண்டு. மின்சாரம் நின்றால் அது திறந்து வெளிக்காற்றை விடும். அது சுருண்டோ தலைகீழாகவோ உட்கார்ந்தால் மூச்சுக்கு மூச்சு படபடக்கும். மடலைச் சரிசெய்யுங்கள், ஒருபோதும் வெட்டியெடுக்காதீர்கள்.

பிப்ரவரி 21

இயந்திரத்தின் முனகல் குழாய் வழியாகவே காதுக்கு வருவதும் உண்டு. அடைந்துபோன வடிகட்டியை மாற்றுங்கள். மரமேசை அதிர்வைப் பெருக்கும். அடியில் மெத்தென்ற விரிப்பு போடுங்கள், ஆனால் காற்று நுழையும் வழியை மறைக்கக் கூடாது. 15 மி.மீ. மெலிந்த குழாயில் காற்று வேகமாக ஓடுவதால் இரைச்சல் கூடலாம். அதற்கேற்ப அமைப்பில் குழாய் வகையையும் மாற்ற வேண்டும்.

சத்தத்தைக் குறைக்க உள்ளே நுரை வைத்த இயந்திரங்களும் உண்டு. 2021 ஜூனில் பிலிப்ஸ் ரெஸ்பிரோனிக்ஸ் இயந்திரங்கள் பல திரும்பப் பெறப்பட்டது அந்த பாலியூரித்தேன் நுரை சிதைந்ததால்தான். ஓசோன் கொண்டு சுத்தம் செய்வது சிதைவை அதிகப்படுத்தலாம் என்றும் அப்போது எச்சரித்தார்கள். குழாயில் கருந்துகள் தெரிந்தால் சத்தத்தை மறந்துவிட்டு உடனே விற்றவரையும் மருத்துவரையும் அணுகுங்கள்.

பிப்ரவரி 24

பக்கத்தில் படுப்பவருக்கு ஓசையைவிடத் துளைக்காற்று கழுத்தில் அடிப்பதே பெரிய எரிச்சல். ஒரே பீச்சாக அடிக்கும் மாஸ்க்குக்குப் பதில், வலை வழியாகக் காற்றைப் பரப்பி விடும் வகையைக் கேட்டு வாங்குங்கள். கையேட்டில் டெசிபல் அளவும் இருக்கும்; 10 டெசிபல் குறைந்தால் காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தமாகத் தோன்றும். பக்கத்தில் படுப்பவர் காதடைப்பான் போடலாம். மாஸ்க் அணிபவர் போட்டால் தன் மூச்சொலியே தலைக்குள் பெரிதாகக் கேட்கும். சிலருக்குப் பழகும், சிலருக்குப் பழகாது.

புதுக் குஷன் மாட்டும் நாளைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். மெதுவாக மெதுவாகப் பட்டையை இறுக்கிக்கொண்டே வருகிறீர்கள் என்றால் அந்தத் தேதியைப் பாருங்கள். குஷன் மஞ்சளித்துத் தொளதொளத்திருக்கும்.