இரண்டாம் இயல் நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல், அதாவது இதுவரை வந்த ஆய்வுகளை மீளாய்வு செய்யும் முன்னாய்வு இயல்; அதன் முதல் டிராஃப்ட் திரும்பி வந்தது. 18 பக்கம், மூன்று மாத உழைப்பு. ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு குறிப்பு: "இதில் நீ எங்கே?"

புரியவில்லை என்று நெறியாளரிடம் போய் நின்றேன். ஒரு பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு பத்தியின் முதல் சொல்லையும் வட்டமிட்டார். எல்லாமே ஆசிரியர் பெயர்கள். இன்னார் (2014) கண்டறிந்தார், இன்னார் (2016) கூறுகிறார், இன்னார் (2019) குறிப்பிடுகிறார். "இது மீளாய்வு இல்லம்மா, வருகைப் பதிவேடு" என்றார். கோபமாகத்தான் வீடு திரும்பினேன். ராத்திரி மறுபடி படித்துப் பார்த்தேன். வருகைப் பதிவேடேதான்.

ஜூன் 5, வியாழன்

தலைப்பிலேயே கோளாறு. "கைபேசியும் தூக்கமும்" என்று வைத்துக்கொண்டு தேடினால் உருட்ட உருட்ட முடிவே வராது. இன்று அதை ஒரு கேள்வியாக மாற்றினேன்: பதின்பருவத்தினர் படுக்கப் போகுமுன் கைபேசி பார்ப்பதற்கும், அவர்கள் தூங்கிப்போக எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கும் என்ன தொடர்பு?

அப்புறம் தேடுசொற்கள். இத்தனை நாளும் 'ஸ்மார்ட்ஃபோன்' என்று மட்டும் தேடியிருக்கிறேன். 'மொபைல் ஃபோன்', 'ஸ்கிரீன் டைம்', 'எலக்ட்ரானிக் மீடியா' என்றெல்லாம் எழுதியவர்கள் என் கண்ணிலேயே படவில்லை. ஒரே பொருள் தரும் சொற்களை 'ஆர்' (OR, அல்லது) போட்டு இணைத்து அடைப்புக்குள் வைத்தேன். கைபேசி, தூக்கம், வயது ஆகிய மூன்று கூட்டங்களையும் 'அண்ட்' (AND, மற்றும்) போட்டுக் கோத்தேன். எந்தத் தளம், எந்தச் சொற்கள், எந்தத் தேதி, எத்தனை கிடைத்தன என்று ஒவ்வொரு தேடலையும் நோட்டில் குறித்தேன். முறைசார் மீளாய்வு, அதாவது முன்கூட்டியே வகுத்த விதிப்படி எல்லா ஆய்வுகளையும் தேடித் தொகுப்பது, எழுதுபவர்களுக்கு எதையெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லும் 'பிரிஸ்மா' என்ற 27 அம்சப் பட்டியல் இருக்கிறது, 2020-இல் புதுப்பித்தார்கள். என்னுடையது அந்த வகை இல்லை. ஆனாலும் இந்தக் குறிப்பு எழுதும் பழக்கத்தை அங்கிருந்து கடன் வாங்குவதில் தப்பில்லை.

ஜூன் 10, செவ்வாய்

நல்ல கட்டுரை ஒன்று கையில் சிக்கினால் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் போகலாம். அதன் துணைநூற்பட்டியல் வழியே பின்னோக்கி, அதை மேற்கோள் காட்டியவர்கள் வழியே முன்னோக்கி. முன்னோக்கிப் போக வழிசெய்தவர் யூஜின் கார்ஃபீல்டு. 1955-இல் யோசனையை எழுதினார், 1964-இல், எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று காட்டும் அட்டவணையாகவே வெளியிட்டார். இன்றைக்கு எனக்கு அது ஒரு கிளிக்.

எப்போது நிறுத்துவது? சாயங்காலம் புதிதாகத் திறந்த நான்கு கட்டுரைகளிலும் ஏற்கெனவே பார்த்த பெயர்களே வந்தன. சரி, போதும். கையில் 41 கட்டுரைகள்.

ஜூன் 14, சனி

இன்று வெட்கப்பட்ட நாள்.

"திரை ஒளி தூக்கத்தைக் கெடுக்கிறது என நிறுவப்பட்டுள்ளது" என்று டிராஃப்டில் எழுதி, 2015-இல் பிஎன்ஏஎஸ் என்ற அமெரிக்க அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வைக் காட்டியிருந்தேன். உண்மையில் அந்த வாக்கியத்தை வேறொரு கட்டுரையின் முன்னுரையிலிருந்து எடுத்திருந்தேன். மூலத்தை இன்றுதான் திறந்தேன். பங்கேற்றவர்கள் 12 பேர். எல்லாரும் இளைஞர்கள், பதின்பருவத்தினர் இல்லை. கைபேசியும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் மங்கிய வெளிச்சத்தில், படுக்கப் போகுமுன் நான்கு மணி நேரம், ஐந்து இரவு டேப்லெட்டிலும் ஐந்து இரவு அச்சுப் புத்தகத்திலும் படித்திருக்கிறார்கள். டேப்லெட்டில் படித்த இரவுகளில் தூங்கிப்போகச் சுமார் 10 நிமிடம் கூடுதலாகப் பிடித்திருக்கிறது.

ஆய்வில் குறையில்லை. அளந்ததை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். 12 பேரின் 10 நிமிடத்தைத் தூக்கி ஊரார் தூக்கத்தின் தலையில் வைத்தது நான்.

ஜூன் 16, திங்கள்

நெறியாளர் மேடத்திடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தால் ஒரு கதை சொன்னார். 1980-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் இருந்தபோது ஓபியாய்டு என்ற வகை வலிநிவாரணி மருந்து தரப்பட்ட 11,882 நோயாளிகளில் நான்கு பேருக்குத்தான் அடிமையானதற்கான பதிவு இருந்தது என்பதே செய்தி. 2017-இல் அதே இதழில் இன்னொரு குழு கணக்கெடுத்தது. அந்தக் கடிதத்துக்கு 608 மேற்கோள்கள். அவற்றில் 439, இந்த மருந்துக்கு அடிமையாவது அரிது என்பதற்கு அதையே சான்றாகக் காட்டின. அவர்கள் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் என்பதையே 491 பேர் சொல்லவில்லை. வீட்டுக்கு எழுதிக்கொடுக்கும் மாத்திரைக்கும் அதுவே சான்றாகிவிட்டது.

ஐந்து வாக்கியம். படிக்க ஒரு நிமிடம் ஆகாது.

ஜூன் 18, புதன்

செயற்கை நுண்ணறிவு அரட்டை மென்பொருளிடம் மூன்று கட்டுரைகள் கேட்டேன். ஒன்று உலகத்திலேயே இல்லை. தலைப்பு மட்டும் பிரமாதம்.

ஜூன் 21, சனி

எக்செல்லில் அட்டவணை போட்டேன். வரிசைக்கு ஒரு கட்டுரை. நெடுக்கே: எத்தனை பேர், என்ன வயது, தூக்கத்தை எப்படி அளந்தார்கள், ஒருமுறை கேட்டார்களா தொடர்ந்து பார்த்தார்களா, முடிவு, எனக்குத் தோன்றியது. கடைசிக் கட்டத்தை நிரப்பத்தான் நேரம் பிடித்தது. அதில் வெற்றிடம் விட்டால் அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை என்று பொருள்.

ஆண்டு வாரியாக அடுக்கியபோது ஒன்றும் தெரியவில்லை. அளந்த முறைவாரியாக அடுக்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'எத்தனை மணிக்குத் தூங்கினாய்' என்று வினாத்தாளில் கேட்ட ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே குரலில் பேசுகின்றன. மணிக்கட்டுக் கருவி கட்டி அளந்தவற்றில் அந்த ஒற்றுமை இல்லை. போதாக்குறைக்கு என் பட்டியலில் பாதிக்கு மேல் ஒரே ஒருமுறை கேட்டு முடித்தவை. கைபேசி தூக்கத்தைக் கெடுத்ததா, தூக்கம் வராதவர் கைபேசியை எடுத்தாரா என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

"இதுபற்றி யாரும் ஆராயவில்லை" என்று டிராஃப்டில் ஜம்பமாக எழுதியிருந்தேன். நிறையப் பேர் ஆராய்ந்திருக்கிறார்கள். இடைவெளி அளக்கும் முறையில் இருக்கிறது.

ஜூன் 28, சனி

எழுத ஆரம்பித்தேன். பத்தியின் முதல் வாக்கியம் என்னுடையது, பெயர்கள் அதற்குப் பின்னால் வரும் சாட்சிகள். பழையது: "இன்னார் (2016) 400 மாணவர்களை ஆராய்ந்தார்." புதியது: "தூக்கத்தைக் கேட்டு அறிந்த ஆய்வுகளும் கருவியால் அளந்த ஆய்வுகளும் ஒரே முடிவுக்கு வரவில்லை." அதன் கீழே ஆறு கட்டுரைகள், இரண்டு அணியாக. எல்லாரையும் 'கண்டறிந்தார்' என்று எழுதுவதையும் விட்டேன். சிலர் கணிக்கிறார்கள், சிலர் வாதிடுகிறார்கள்.

17 கட்டுரைகளை வெளியே எடுத்தேன். படித்த உழைப்பைக் காட்டத்தான் அவை உள்ளே இருந்தன. இருந்தாலும் மனசு கேட்கவில்லை, 'பிறகு' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூலை 2, புதன்

11 பக்கம் அனுப்பினேன். சாயங்காலமே பதில் வந்தது. ஆறாம் பக்கத்தில் ஒரு குறிப்பு: "இந்த ஆய்வின் இணைப்பு அட்டவணையைப் பார்த்தாயா?"

பார்க்கவில்லை. இப்போதுதான் இறங்கிக்கொண்டிருக்கிறது.