லிப்ரேஎன்எம்எஸ் மேப்: புள்ளி வந்தது, கோடு வரவில்லை

நெட்வொர்க் சாதனங்களைக் கண்காணிக்கும் மென்பொருள் லிப்ரேஎன்எம்எஸ். அதன் மேப்பில் ஸ்விட்சுகள் புள்ளியாக வந்தன, அவற்றை இணைக்கும் கோடு வரவில்லை. மூன்று நாள் போய்விட்டது. கடைசியில் ஒவ்வொரு ஸ்விட்சிலும் சேர்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு வரிதான். இதே சிக்கலில் மாட்டிக்கொண்டு வருபவர்களுக்காக அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதனங்களிடம் தகவல் கேட்கும் நெறிமுறை எஸ்என்எம்பி, அதில் எந்தக் கிளைகளைக் கேட்கலாம் என்ற அனுமதிப் பட்டியல் வியூ. ஸ்விட்சின் எஸ்என்எம்பி வியூவில் 1.3.6.1 என்ற கிளை மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தால் எல்எல்டிபி (அண்டைச் சாதனங்கள் தம்மை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் நெறிமுறை) தகவல் வெளியே வராது. எல்எல்டிபி மரம் இருக்கும் இடம் 1.0.8802.1.1.2. அதையும் வியூவில் தனியாகச் சேர்க்க வேண்டும்.

நெட்வொர்க் ஒரு கல்லூரி வளாகத்துடையது. நான்கு கட்டடம், இரண்டு கோர் (மைய ஸ்விட்ச்), மொத்தம் 46 ஸ்விட்ச். சில சிஸ்கோ, மீதி வேறு பிராண்டுகள். ஸ்விட்சுகளை நிர்வகிக்க ஒதுக்கிய தனிப் பிரிவான மேனேஜ்மென்ட் வி-லான் 10.20.0.0/22. உபுண்டு சர்வரில் நிறுவுவது ஆவணத்தில் உள்ளபடியே ஒரு மதியத்தில் முடிந்தது. அதில் ஒரு எச்சரிக்கை மட்டும்: லிப்ரேஎன்எம்எஸ் கட்டளை எதுவாக இருந்தாலும் அதற்கென உருவாக்கிய யூசராக மாறி ஓட்டுங்கள். அவசரத்தில் ரூட்டாக ஒரு தடவை ஓட்டினாலும் சில கோப்புகள் ரூட் பெயரில் உருவாகிவிடும். பிறகு போலிங்கால் (சாதனங்களிடம் அடிக்கடி அளவீடு கேட்கும் வேலை) அவற்றில் எழுத முடியாது.

முதல் தடங்கல் சாதனங்கள் தாமாகச் சேராதது. இரண்டு கோரை மட்டும் கையால் சேர்த்தால், அவற்றின் அண்டை ஸ்விட்சுகளை மென்பொருளே கண்டுபிடித்துச் சேர்க்க வேண்டும். சேரவில்லை. இதற்கு மூன்று காரணங்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிடைத்தன.

ஒன்று, டிஸ்கவரி (சாதனங்களையும் இணைப்புகளையும் கண்டுபிடிக்கும் வேலை) அமைப்பில் நம் நெட்வொர்க் வரம்பைக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காத வரம்பில் இருக்கும் எதையும் அது தொடாது. இது சரியான பழக்கம்தான். இல்லையென்றால் லீஸ்டு லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரவுட்டரையும் சேர்க்கப் பார்க்கும். 10.20.0.0/22 கொடுத்தேன்.

இரண்டு, ஐபியை மட்டும் வைத்துச் சாதனம் சேர்க்கும் வசதி இயல்பில் அணைந்திருக்கிறது. அண்டை ஸ்விட்ச் தன் பெயரைச் சொல்லும், அந்தப் பெயர் டிஎன்எஸ்ஸில் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் தாண்டிப் போய்விடும். அந்த வசதியை இயக்கிவிடலாம். நான் இயக்கவில்லை. ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் டிஎன்எஸ்ஸில் பெயர் போட்டேன். 46 பதிவுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. பலன் என்னவென்றால், நள்ளிரவில் அலர்ட் வரும்போது ‘10.20.2.37’ என்று வராமல் ‘நூலகம் முதல் மாடி’ என்று புரிகிற பெயரில் வரும். டொமைன் பெயரையும் அமைப்பில் கொடுத்துவிட்டால், ஸ்விட்ச் குறும்பெயர் சொன்னாலும் மென்பொருள் பின்னொட்டைச் சேர்த்துத் தேடிக்கொள்ளும்.

மூன்று, ஒரே சிஸ்நேம் (சாதனம் தனக்கென்று சொல்லும் பெயர்) கொண்ட இரண்டாவது சாதனத்தை அது ஏற்காது. ஆய்வகக் கட்டடத்தில் ஏழு ஸ்விட்ச் தொழிற்சாலைப் பெயரிலேயே இருந்தன. ஏழில் ஒன்று சேர்ந்தது, ஆறு நின்றுவிட்டன. இரட்டைப் பெயரை அனுமதிக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். எல்எல்டிபியில் அண்டைச் சாதனத்தை அடையாளம் காணப் பெரிதும் உதவுவது அந்தப் பெயர்தான். ஏழும் ஒரே பெயரில் இருந்தால் எந்த அப்லிங்க் (மேல்நிலை ஸ்விட்சுக்குப் போகும் இணைப்பு) எதனுடையது என்று மென்பொருளால் தீர்மானிக்க முடியாது. ஸ்விட்சில் பெயரை மாற்றுவதுதான் வழி.

இவ்வளவும் முடிந்த பிறகும் பாதிக்கு மேல் கையால்தான் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்த்ததும் மேப்பில் புள்ளிகள் வந்தன. கோடு வந்தது சிஸ்கோ ஸ்விட்சுகளுக்கு இடையே மட்டும். மற்றவை எல்லாம் தனித்தனித் தீவு.

இங்கேதான் இரண்டு நாள் வீணானது. கொஞ்சம் கோடு வந்துவிட்டதால் ஸ்விட்ச் பக்கம் சரியாக இருக்கிறது, மேப் அமைப்பில்தான் கோளாறு என்று தோன்றிவிட்டது. அமைப்பை மாற்றுவது, மேப்பைத் திறந்து பார்ப்பது, ஒன்றுமில்லை என்று அடுத்ததை மாற்றுவது என்றே போனது. டிஸ்கவரி இயல்பாக ஓடுவது 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை. 5 நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடுவது போலிங் மட்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால், மாற்றியது பலித்ததா இல்லையா என்பதே தெரியாது. மாற்றம் செய்ததும் அந்தச் சாதனத்தின் பக்கத்துக்குப் போய், டிஸ்கவரியைக் கையால் ஓட்டிப் பாருங்கள்.

ஒப்பந்த நிறுவனத்துக்குப் போன் செய்தால் ஒரே பதில்: “எஸ்என்எம்பி ஓப்பனாத்தான் சார் இருக்கு, உங்க சாஃப்ட்வேர்ல பாருங்க.” போர்ட் கிராஃப், டெம்பரேச்சர், சீரியல் நம்பர் எல்லாம் வந்துகொண்டிருந்ததால் அதை மறுக்கவும் முடியவில்லை.

உண்மை தெரிந்தது சர்வரிலிருந்து நேரடியாக எஸ்என்எம்பி வாக் (ஒரு கிளையில் உள்ளவற்றை வரிசையாகக் கேட்கும் கட்டளை) ஓட்டியபோதுதான். 1.3.6.1.2.1.1 கேட்டால் ஸ்விட்சின் பெயர், மாடல், இயங்கும் நேரம் எல்லாம் மடமடவென்று கொட்டியது. 1.0.8802.1.1.2 கேட்டால் ஒரே ஒரு வரி: இந்த ஓஐடியில் (கிளை எண்ணில்) அப்படி ஒன்று இல்லை. அதைப் படிக்கும் எவருக்கும் இந்த ஸ்விட்சில் எல்எல்டிபியே கிடையாது என்றுதான் தோன்றும். அதே ஸ்விட்சில் உள்ளே நுழைந்து அண்டைப் பட்டியலைக் கேட்டால் ஐந்து பெயர், போர்ட் எண்ணோடு அழகாக வரிசையாக நிற்கிறது. ஸ்விட்சுக்குத் தெரிகிறது, சர்வருக்குச் சொல்லவில்லை. அப்படியானால் நடுவில் மறைப்பது வியூ.

நாம் வழக்கமாகப் பார்க்கும் எஸ்என்எம்பி தகவல் பெரும்பாலும் 1.3.6.1 என்ற கிளைக்குக் கீழேதான் வருகிறது. அதனால் அதைத் திறந்தால் எல்லாம் திறந்தது என்று நினைத்து வியூ எழுதுகிறார்கள். எல்எல்டிபி ஐஇஇஇ தரம். அதன் மிப் (தகவல் மரம்) 1.0 என்ற வேறு கிளையில் உட்கார்ந்திருக்கிறது. சிஸ்கோவின் சொந்த அண்டை அறிவிப்பு முறையான சிடிபியின் மிப்போ 1.3.6.1.4.1.9.9.23, திறந்த கிளைக்கு உள்ளேயே. அதனால்தான் சிஸ்கோவுக்கு மட்டும் கோடு விழுந்தது. அந்தப் பாதி வெற்றிதான் திசை திருப்பிவிட்டது.

வியூவில் 1.0.8802 சேர்த்து டிஸ்கவரியைக் கையால் ஓட்டியதும் முதல் ஸ்விட்சுக்கு ஐந்து கோடும் வந்தன. அந்த நிமிடத்தின் நிம்மதியை எழுதி விளக்க முடியாது. அதே வரியை மற்றவற்றுக்கும் போட்டேன். இரண்டு ஸ்விட்ச் மட்டும் பதிலே தரவில்லை. அவற்றின் ஏசிஎல்லில் (எந்த ஐபியை அனுமதிப்பது என்ற பட்டியல்) பழைய சர்வரின் ஐபி இருந்தது. ரிமோட் லாகினுக்கும் அதே ஏசிஎல் என்பதால் கன்சோல் கேபிளோடு விடுதிக் கட்டடத்துக்கு நடக்க வேண்டியதாயிற்று. முதல் நடையில் ரேக் சாவி யாரிடம் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். சாவியை உறுதி செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் சிடிபி இயல்பாக ஓடும், எல்எல்டிபி பெரும்பாலும் அணைந்திருக்கும். கலப்பு பிராண்டு நெட்வொர்க்கில் அதைக் குளோபலாக இயக்கிவிடுங்கள். 30 நொடிக்கு ஒரு முறை அறிவிப்பு போகும், ஓரிரு நிமிடம் பொறுத்தால் பட்டியல் நிரம்பிவிடும்.

இனி கோடு அதிகமாகும் பிரச்சினை. மேப்புக்கான இணைப்புகளை மென்பொருள் இரண்டு வழியில் எடுக்கிறது: எல்எல்டிபி, சிடிபி போன்ற அண்டை அறிவிப்புகள் ஒன்று, மேக் முகவரிப் (சாதனத்தின் வன்பொருள் எண்) பொருத்தம் இன்னொன்று. இரண்டும் இயல்பில் இயங்கும். மேக் வழி வருவது நேரடிக் கேபிள் இணைப்பு அல்ல. ஒரே வி-லானில் இருப்பதாலேயே கோடு விழுந்து மேப் சிலந்தி வலை ஆகிவிடும். மேக்கை எடுத்துவிட்டேன், கட்டடம் கட்டடமாகப் பிரிந்து தெளிவானது. லிங்க் அக்ரிகேஷனில் (பல கேபிளை ஒரே இணைப்பாகச் சேர்ப்பது) இரண்டு கேபிளுக்கு இரண்டு கோடு வரும், அது சரிதான். லூப் வராமல் இருக்க ஸ்பானிங் ட்ரீ தடுத்து வைத்திருக்கும் போர்ட்டிலும் எல்எல்டிபி போகும், ஆகவே மேப்பில் வளையம் தெரிந்தால் லூப் என்று பதறி கேபிளைப் பிடுங்க வேண்டாம்.

ஆனால் ஒரு போர்ட்டில் மூன்று அண்டை ஸ்விட்ச் தெரிந்தால் சும்மா விடாதீர்கள். எல்எல்டிபி சட்டகத்தை ஸ்விட்ச் மறுபக்கம் கடத்தக் கூடாது என்பது விதி. மலிவான அன்மேனேஜ்டு (அமைப்பு எதையும் மாற்ற முடியாத) ஸ்விட்சுகள் பல அதைக் கண்டுகொள்ளாமல் எல்லாப் போர்ட்டிலும் விடும். ஆய்வகத்தில் 14-ஆம் போர்ட்டில் அப்படித் தெரிந்தது. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் ஃபால்ஸ் சீலிங்கின் மேல், அடாப்டர் சூட்டில் கொதித்துக்கொண்டு ஒரு 8 போர்ட் ஸ்விட்ச். எந்த ஆவணத்திலும் இல்லாதது. மூன்று வகுப்பறை அதை நம்பி ஓடிக்கொண்டிருந்தது.

ஐபி போன்களும் எல்எல்டிபி பேசும். விலக்காவிட்டால் ஒவ்வொன்றையும் சேர்க்க முயன்று தோற்று லாக்கை நிரப்பும். பெயர், விவரம், பிளாட்ஃபார்ம் ஆகியவற்றை வைத்து விலக்கும் அமைப்புகள் இருக்கின்றன. போனின் விவரத்தில் வரும் சொல்லை ரெகுலர் எக்ஸ்பிரஷனாகக் கொடுத்தால் போதும்.

லினக்ஸ் சர்வர்களிலும் இதே வியூ கதைதான். டெபியன், உபுண்டுவில் வரும் எஸ்என்எம்பிடி (எஸ்என்எம்பிக்குப் பதில் தரும் நிரல்) இயல்பில் 127.0.0.1-இல், அதாவது அந்தச் சர்வருக்குள் மட்டும் கேட்கும், வியூவும் சிஸ்டம் விவரத்தோடு நின்றுவிடும். முகவரியை மாற்றி, வியூவை விரித்து, எல்எல்டிபி பேசும் நிரலான எல்எல்டிபிடியை நிறுவி, ஏஜென்ட்எக்ஸ் என்ற இணைப்பு முறை வழியாக இரண்டையும் இணைத்தால் சர்வரும் எந்த ஸ்விட்சின் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று மேப்பில் வந்துவிடும்.

எஸ்என்எம்பி பதிப்பு 3 பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று. சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் பதிப்பு 3 யூசர் வரி ரன்னிங் கான்ஃபிகில் (தற்போது ஓடும் அமைப்பு) தெரியாது. ஆகவே பேக்கப்பிலும் இருக்காது. பழுதான ஸ்விட்சுக்குப் பதில் புதியதை வைத்து பேக்கப்பை ஒட்டினால் போர்ட், வி-லான் எல்லாம் வந்துவிடும், மேப்பில் மட்டும் அது சிவப்பாகவே நிற்கும். பாஸ்வேர்டு டைப்பில் தவறு என்று ஒரு மாலை முழுக்கத் தேடியது இதற்காகத்தான். யூசரை மறுபடி உருவாக்கும் கட்டளையைப் பாஸ்வேர்டு பெட்டகத்தில் அந்த ஸ்விட்சின் பெயரோடு எழுதி வையுங்கள். வியூ வரியையும் கூடவே.